'ஆர்.ஐ.பி' போட்டாச்சு... அப்புறம்? - ரப்பர் ஸ்டாம்ப்பும் ஓர் ஆறுதல் அட்டையும்!

காலை 7 மணி. கண்ணைக்கூட முழுசா திறக்காம போனை எடுக்குறீங்க. காலேஜ் குரூப்பில் 83 மெசேஜ். என்னவோ ஏதோன்னு மேலே ஸ்க்ரோல் பண்ணா, 'நம்ம மச்சானோட அப்பா தவறிட்டார்டா'ன்னு ஒரு வரி. அதுக்குக் கீழே வரிசையா 'ஆர்.ஐ.பி', கூப்பிய கை, அழுகிற முகம், வெள்ளை ரோஜா ஸ்டிக்கர். நீங்களும் ஒரு 'ஆர்.ஐ.பி' போடுறீங்க. கூடவே ரெண்டு கூப்பிய கை. மூணே விநாடி. அப்புறம் பல் தேய்க்கப் போயிடுறீங்க. மதியத்துக்குள்ள அதே குரூப்பில் மீம் ஓட ஆரம்பிச்சுடுது.

உங்களைக் குத்தம் சொல்ல இதை எழுதலை. நானும் அதையேதான் செஞ்சேன். நாலு மாசம் கழிச்சு அந்த நண்பனை நேர்ல பார்த்தப்போ, "அன்னிக்கு உன் மெசேஜ் பார்த்தேன்டா"ன்னு சொன்னான். குத்திக்காட்டலை, சும்மாதான் சொன்னான். ஆனா, என்ன எழுதியிருந்தேன்னு எனக்கே ஞாபகம் வரலை. ஏன்னா, நான் எதையும் எழுதவே இல்லை. கீபோர்டு காட்டினதைத் தொட்டேன், அவ்வளவுதான்.

துக்கம் விசாரிக்கிறதுங்கிற ஒரு பழக்கம் நம்ம கையைவிட்டு எப்படி நழுவிச்சு, அதை எப்படித் திரும்பப் பிடிக்கலாம்? ஒரு ரப்பர் ஸ்டாம்ப், ஒரு அட்டை, அரை மணி நேரம்... இந்த மூணையும் வெச்சுக்கிட்டு கொஞ்சம் யோசிச்சுப் பார்ப்போமா?

மூணு எழுத்து ஆறுதல்

'ஆர்.ஐ.பி' என்பது 'அமைதியில் இளைப்பாறட்டும்' என்ற பொருள்கொண்ட லத்தீன் தொடரின் சுருக்கம். ஐரோப்பாவில் கல்லறைக் கல்லில் செதுக்கினது. கல்லில் எழுத்து வெட்டுறது கஷ்டம், அதனால சுருக்கினாங்க. போனில் டைப் பண்ண நமக்கு என்ன கஷ்டம்னுதான் தெரியலை!

சமூக வலைதளங்களும் நம்மைச் சுருக்கிக்கிட்டே வந்திருக்கு. 2016 பிப்ரவரியில் ஃபேஸ்புக், லைக் பட்டனுக்குப் பக்கத்தில் சோக முகத்தையும் சேர்த்தது. மரணச் செய்திக்கு 'லைக்' போடுற சங்கடம் தீர்ந்தது. கூடவே, ஒரு வரி எழுத வேண்டிய அவசியமும் தீர்ந்துபோச்சு. 2022-ல் வாட்ஸ்அப்பிலும் மெசேஜுக்கு ரியாக்‌ஷன் வந்தது. இப்போ மூணு எழுத்துகூடத் தேவையில்லை. மெசேஜைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிச்சா போதும்.

அடுத்தது ஏ.ஐ. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் துப்பாக்கிச்சூடு நடந்து மாணவர்கள் இறந்தாங்க. அதையொட்டி, வேறொரு மாநிலத்தில் இருக்கும் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் பீபாடி கல்லூரி அலுவலகம் ஒண்ணு, தன் மாணவர்களுக்கு ஆறுதல் மின்னஞ்சல் அனுப்பியது. அதன் கடைசியில், இது சாட் ஜி.பி.டி துணையோடு எழுதப்பட்டதுன்னு ஒரு குறிப்பு இருந்தது. மாணவர்கள் கொதிச்சுப்போயிட்டாங்க. அலுவலகம் மன்னிப்புக் கேட்டது.

அந்த மின்னஞ்சல்ல பிழை இருந்ததுன்னு யாரும் கோபப்படலை. 'நாங்க அழும்போது, எங்களுக்காக ரெண்டு வரி யோசிக்கக்கூட உங்களுக்கு நேரம் இல்லையா?' என்பதுதான் அவங்க கேள்வி. ஆறுதல்ல நாம உண்மையில் எதிர்பார்க்கிறது என்னன்னு அந்தச் சம்பவம் காட்டிக்கொடுத்துடுச்சு. மொழி நல்லா இருக்கணும்னு யாரும் எதிர்பார்க்கிறதில்லை. ஒருத்தர் தன் நேரத்துல கொஞ்சத்தை நமக்காக எடுத்து வெச்சார்ங்கிறதுதான் வேணும்.

தந்தி போச்சு, தபாலும் தேயுது

நம்ம தாத்தா, பாட்டி காலத்துல 'தந்தி' என்ற வார்த்தையே வயித்தைக் கலக்கும். தந்திக்காரர் தெருவில் நுழைஞ்சாலே சாவுச் செய்தியோன்னு பயப்படுவாங்க. அந்தத் தந்தி சேவை 2013 ஜூலையில் இந்தியாவில் நின்னுபோச்சு. அஞ்சலட்டையில் வரும் துக்கச் செய்திக்கும் ஓர் அடையாளம் இருந்தது. ஓரத்தில் கறுப்பு மை தடவியிருக்கும். சில ஊர்கள்ல மூலையைக் கிழிச்சு அனுப்புவாங்க. படிக்கிறதுக்கு முன்னாடியே மனசு தயாராகிடும். படிச்சதும் கிழிச்சுப் போடுற வழக்கமும் உண்டு, சாவுச் செய்தியை வீட்டுக்குள்ள வைக்கக் கூடாதுன்னு.

இங்கிலாந்திலும் இதே கறுப்புதான். 1861-ல் கணவர் ஆல்பர்ட் இறந்த பிறகு, விக்டோரியா மகாராணி கறுப்பு ஓரம் போட்ட தாளில்தான் கடிதம் எழுதினார். நம்ம ஊர்ல அஞ்சலட்டை, அங்கே அரண்மனைத் தாள். ரெண்டு இடத்திலும் துக்கத்துக்குன்னு ஒரு காகிதம் இருந்தது.

இப்போ? டென்மார்க்கில் 1624-ல் தொடங்கியது தபால் சேவை. அங்கே அரசுத் தபால் நிறுவனமான போஸ்ட்நார்ட், 2025 டிசம்பரோடு கடிதம் விநியோகிப்பதையே நிறுத்திவிட்டது. தெருவில் நின்ற சிவப்புத் தபால்பெட்டிகளையும் எடுத்துட்டாங்க. நம்ம நாட்டில் பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டது. ஆனாலும், சாதாரணக் கடிதம் நம்ம ஊர்ல இன்னும் போகுது. 5 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டினா, 20 கிராம் வரை எடையுள்ள கடிதம் இந்தியாவின் எந்த மூலைக்கும் போய்ச் சேரும். இந்த வசதி நம்மகிட்ட இன்னும் இருக்குங்கிறதே நிறைய பேருக்கு மறந்துபோச்சு.

'நேர்ல போறதைவிட அட்டை பெருசா?'

நியாயமான கேள்வி. பெருசு இல்லை. நம்ம ஊர்ல துக்கம் கேட்கிறதுன்னா போய் நிக்கிறதுதான். மதுரைப் பக்கம் 'கேதம்', நெல்லைப் பக்கம் 'துட்டி'ன்னு அதுக்குத் தனித்தனிப் பேரே இருக்கு. போய், கையைப் பிடிச்சு, கொஞ்ச நேரம் பேசாம உட்கார்ந்திருந்து, 'போயிட்டு வர்றேன்'னு சொல்லாம எழுந்து வந்துடுவோம். அன்னிக்கு அந்த வீட்ல அடுப்பு எரியாதுன்னு பக்கத்து வீட்டுக்காரங்க சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பாங்க. இதுக்கு முன்னாடி எந்த அட்டையும் நிக்காது. போக முடியும்னா, போயிடுங்க.

ஆனா, போக முடியாதவங்க இன்னிக்கு எத்தனை பேர்? நண்பன் பெங்களூரில், நீங்க துபாயில். ஆபீஸில் லீவு கேட்டா, 'சொந்தமா?'ன்னு கேட்பாங்க. நண்பனோட அப்பா 'சொந்தம்' கணக்கில் வர மாட்டார். கொரோனா காலத்தில் இறுதிச் சடங்குக்கு 20 பேர்தான்னு கட்டுப்பாடு இருந்தப்போ, சொந்தக்காரங்களே வீடியோ காலில் நின்னதைப் பார்த்தோம். நேர்ல போறதுக்கும் 'ஆர்.ஐ.பி'க்கும் நடுவுல ஒரு பெரிய இடம் காலியா கிடக்கு. அட்டை அந்த இடத்துக்குத்தான்.

'இதெல்லாம் அனுப்பினா ஓவரா இருக்குமோ, என்ன எழுதுறதுன்னே தெரியலையே'ன்னு ஒரு தயக்கம் வரும். இதை ஆராய்ந்தே பார்த்திருக்காங்க. அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், சிலரை நன்றிக் கடிதம் எழுதச் சொன்னாங்க. எழுதினவங்க, 'வாங்குறவங்களுக்குச் சங்கடமா இருக்கும்'னு நினைச்சது நிஜத்தைவிட அதிகம். 'சந்தோஷப்படுவாங்க'ன்னு நினைச்சது நிஜத்தைவிடக் குறைவு. வார்த்தை சரியா அமையணுமேன்னு எழுதுறவங்க கவலைப்பட்டாங்க. வாங்கினவங்க கவனிச்சதோ அதிலிருந்த அன்பை. 2022-ல் எப்லியும் வேறு சில ஆய்வாளர்களும், கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு ஆதரவு சொல்வதை வெச்சு இதே மாதிரி சோதிச்சாங்க. அதிலும் இதே முடிவுதான் வந்தது.

ஆக, தயக்கம் நம்ம பக்கம் மட்டும்தான். அந்தப் பக்கம் காத்திருக்காங்க.

ஏன் ரப்பர் ஸ்டாம்ப்?

ரப்பர் ஸ்டாம்ப்னு சொன்னதும் உங்களுக்கு 'உண்மை நகல்', 'பெறப்பட்டது'ன்னு தாலுகா ஆபீஸ் வாசனைதான் வரும். 1839-ல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் வழியைக் கண்டுபிடிச்சார். 1860-களில் ரப்பர் ஸ்டாம்ப் வந்தது. ஆரம்பத்தில் அதைத் தயாரிக்க உதவினது, பல் மருத்துவர்கள் பல்செட் செய்ய வெச்சிருந்த சூடாக்கும் கருவி. அலுவலகத்துக்குப் போன அதே ஸ்டாம்ப், இன்னிக்கு அமெரிக்கா, இங்கிலாந்தில் கைவினை அட்டை செய்றவங்களோட முக்கியக் கருவி. இலை, பூ, பறவைன்னு ஸ்டாம்ப் வாங்கி வீட்டிலேயே அனுதாப அட்டை செஞ்சு அனுப்புறாங்க. இன்ஸ்டா ரீல்ஸ் வழியா நம்ம ஊருக்கும் இது வந்தாச்சு.

'ஸ்டாம்ப்பும் காப்பிதானே... ஃபார்வர்டு மெசேஜுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?'னு நீங்க கேட்கலாம். சரியான கேள்விதான். படம் வரையத் தெரியாத நம்மை மாதிரி ஆட்களுக்குப் படத்தை மட்டும்தான் ஸ்டாம்ப் பார்த்துக்கும். வார்த்தையை நீங்கதான் எழுதணும். ஃபார்வர்டில் படம், வார்த்தை ரெண்டுமே வேற யாரோடதோ. அதனால, 'ஆழ்ந்த அனுதாபங்கள்'னு கடையில் ஸ்டாம்ப் செஞ்சு வாங்கிடாதீங்க. அது திரும்பவும் 'ஆர்.ஐ.பி'தான், கொஞ்சம் நீளமா!

செஞ்சு பார்ப்போமா?

தேவை: வழவழப்பு இல்லாத 300 ஜி.எஸ்.எம் வெள்ளை அட்டை, அட்டை அளவுக்கு உறை, நல்ல பெரிய அழிரப்பர், பேப்பர் கட்டர், டிரேசிங் பேப்பர், பென்சில், ஸ்டாம்ப் பேடு.

1. அட்டை: ஏ4 அட்டையைச் சரிபாதியா வெட்டுங்க. ஒரு பாதியை நடுவில் மடிங்க. மடிக்கிற இடத்தில் ஸ்கேல் வெச்சு, எழுதாத பேனா முனையால் அழுத்தி ஒரு கோடு இழுத்துட்டா, மடிப்பு வெடிக்காம நேரா வரும். இந்த அட்டை சுமார் 9 கிராம். உறையோடு சேர்த்தாலும் 20 கிராமுக்குள்ள வந்துடும். அதுக்கு மேல மணி, ரிப்பன், இன்னொரு அட்டைன்னு ஒட்ட ஆரம்பிச்சா எடை கூடும். துக்க அட்டைக்கு அதெல்லாம் வேண்டவும் வேண்டாம்.

2. ஸ்டாம்ப்: கடையில் வாங்கினாலும் சரி, இல்லைன்னா அழிரப்பர் போதும். டிரேசிங் பேப்பரில் ஒரு இலை வரைங்க. நுனி, நடு நரம்பு, காம்பு, அவ்வளவு போதும். பென்சில் பக்கம் கீழே இருக்க, அழிரப்பர் மேல கவிழ்த்து வெச்சு நகத்தால் தேய்ங்க. படம் தலைகீழா, அதாவது கண்ணாடியில் தெரிகிற மாதிரி ரப்பரில் இறங்கும். அச்சு வைக்கும்போது நீங்க வரைஞ்ச மாதிரியே நேரா வரும். இப்போ, கோட்டுக்கு வெளியே இருக்கிற பகுதியைச் செதுக்கி எடுங்க. கட்டரைக் கோட்டிலிருந்து வெளிப்பக்கமா சரிச்சுப் பிடிங்க. உள்பக்கமா சரிச்சா, அடியில் பிடிமானம் இல்லாம கோடு பிய்ஞ்சுடும். விரல் கத்திக்கு எதிர்ல வராம பார்த்துக்கோங்க.

3. நிறம்: மஞ்சளும் குங்குமச் சிவப்பும் நம்ம வீடுகள்ல மங்கல நிறம். கல்யாணப் பத்திரிகை மூலையில் மஞ்சள் தடவுற ஊர் இது. அதனால அதைத் தவிர்த்துடுங்க. கருநீலம், சாம்பல், கரும்பச்சை நல்லா இருக்கும். அந்தக் குடும்பத்தோட மத வழக்கம் உங்களுக்குச் சரியா தெரியாதுன்னா சிலுவை, பிறை, விளக்கு எதுவும் வேண்டாம். இலை எல்லாருக்கும் பொது.

4. அச்சு: ஸ்டாம்பை பேடில் அழுத்தாதீங்க. பேடை எடுத்து ஸ்டாம்ப் மேல மெல்லத் தட்டுங்க. மை சமமா ஏறும். முதல்ல வெத்துத் தாளில் ரெண்டு தடவை வெச்சுப் பாருங்க. அப்புறம் அட்டையில் நேரா வெச்சு, ஆட்டாம, மேலிருந்து அழுத்தி, நேரா தூக்குங்க. ஆட்டினா ஓரம் கறை படியும்.

5. மூணு இலை: மை தொட்டது ஒரு தடவைதான். முதல் அச்சு அழுத்தமா விழும். மறுபடி மை தொடாம, பக்கத்திலேயே இன்னொரு அச்சு வைங்க. வெளிறிப்போய் விழும். மூணாவது, இருக்கா இல்லையான்னு தெரியாத அளவுக்கு மங்கலா விழும். அட்டை செய்றவங்க ரொம்ப காலமா செய்ற எளிய உத்தி இது. ஒரு இலை மெல்ல மெல்ல தூரப் போற மாதிரி இருக்கும். வேற அலங்காரம் எதுவும் தேவைப்படாது. பத்து நிமிஷம் காயவிடுங்க. அதுக்குள்ள கை பட்டா தீத்திக்கும்.

கொஞ்சம் கோணலா வந்தாலும் தூக்கிப் போட்டுடாதீங்க. கையால செஞ்சதுன்னு அதுதான் காட்டும்.

உள்ளே என்ன எழுதுறது?

மூணே விஷயம்.

ஒண்ணு, இறந்தவரைப் பத்தி ஒரு ஞாபகம். பொதுவா 'நல்ல மனுஷர்'னு எழுதாதீங்க. 'செமஸ்டர் லீவுல உங்க வீட்டுக்கு வந்தப்போ அப்பா போட்ட டீயில இஞ்சி தூக்கலா இருந்துச்சு. இன்னும் ஒரு தம்ளர் குடிப்பான்னு ஊத்திக்கொடுத்தார்.' இது போதும். மகனுக்கே தெரியாத ஒரு அப்பாவை நீங்க அவனுக்குத் திருப்பிக் கொடுக்குறீங்க. அவரை நீங்க பார்த்ததே இல்லையா? அவரைப் பத்தி நண்பன் உங்ககிட்ட சொன்ன ஏதாவது ஒண்ணை எழுதுங்க.

ரெண்டு, உங்க மனசுல இருக்கிறது. 'என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலைடா. ஆனா, உன்னை நினைச்சுக்கிட்டே இருக்கேன்.' தெரியலைன்னு சொல்றதில் தப்பே இல்லை.

மூணு, குறிப்பா ஒரு உதவி. 'எதுன்னாலும் கேளு'ன்னு எழுதினா, கேட்கிற வேலையும் அவன் தலையில்தான் விழும். சாவு வீட்ல காகித வேலை எவ்வளவு இருக்கும் தெரியுமா? இறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்யணும். அப்புறம் வாரிசு சான்றிதழ், பேங்க் நாமினி, ஈ.பி கனெக்‌ஷன் பேர் மாத்துறதுன்னு வரிசையா வரும். 'வாரிசு சான்றிதழுக்கு ஆன்லைனில் அப்ளை பண்றதை நான் பார்த்துக்குறேன். சனிக்கிழமை போன் பண்றேன்'னு எழுதுங்க. அப்படி எழுதிட்டு சனிக்கிழமை கட்டாயம் போன் பண்ணுங்க!

எழுதவே கூடாதது: 'வயசானவர்தானே', 'கஷ்டப்படாம போய்ச் சேர்ந்தார்', 'நீதான் இனிமே அம்மாவைப் பார்த்துக்கணும், அழாதே', 'எப்படி ஆச்சு?'. இதையெல்லாம் அவன் ஏற்கெனவே ஐம்பது பேர்கிட்ட கேட்டிருப்பான். கடைசிக் கேள்விக்கு ஐம்பது தடவை பதிலும் சொல்லியிருப்பான்.

எப்போ அனுப்புறது?

நீங்க நினைக்கிற மாதிரி 'லேட் ஆயிடுச்சு'ங்கிறது இதுல கிடையாது. முதல் பத்துப் பதினாறு நாள் வீடு நிறைய ஆட்கள் இருப்பாங்க. காரியம் முடிஞ்சதும் பந்தல்காரர் வந்து நாற்காலியை எடுத்துட்டுப் போயிடுவார். சொந்தக்காரங்க பஸ் ஏறிடுவாங்க. அதுக்கு அப்புறம்தான் வீட்டில் அந்த அமைதி வரும். அட்டை அந்த நேரத்தில் போய்ச் சேரட்டும்.

இன்னொரு நாளும் இருக்கு. பல இந்துக் குடும்பங்களில் இறப்பு நடந்தால் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது. அந்த வருஷ தீபாவளிக்கு ஊரே வெடி வெடிக்கும், அந்த வீட்ல மட்டும் கதவு சாத்தியிருக்கும். வாழ்த்து அனுப்பலாமா கூடாதான்னு தெரியாம நண்பர்கள் எல்லாருமே அன்னிக்கு அமைதியா இருந்துடுவாங்க. அதுக்கு நாலு நாள் முன்னாடி தபால் பெட்டியில் போட்டீங்கன்னா, 'இந்த தீபாவளிக்கு உங்க வீட்டை நினைச்சுக்கிட்டேன்'னு சொல்ல ஒரு ஆள் இருப்பார்.

உறையில் குடும்பத்தின் பேரைப் போடாம, நண்பன் பேரையே எழுதுங்க. துக்கச் சமாச்சாரத்தை வீட்டில் வைக்கக் கூடாதுன்னு நினைக்கிற பெரியவங்க இருந்தாலும், அது அவனோட கைக்கே போயிடும். பின்கோடு மறக்காதீங்க. முகவரி இல்லையா? கேளுங்க. 'அட்ரஸ் அனுப்புடா'ன்னு கேட்கிறதே இந்தக் காலத்துல ஒரு விசாரிப்புதான்.

நான் என் அட்டையை அனுப்பினப்போ ஏழு மாசம் ஆகியிருந்தது. இலை கொஞ்சம் கோணல். கையெழுத்து அதைவிடக் கோணல். ஒரு வாரம் கழிச்சு ராத்திரி பத்தரைக்கு அவன்கிட்டேருந்து போன். அட்டையைப் பத்தி ஒரு வார்த்தைகூடப் பேசலை. அவங்க அப்பாவோட பழைய டி.வி.எஸ் 50-ஐப் பத்தி நாற்பது நிமிஷம் பேசினான். அதை விக்கிறதா, வெச்சுக்கிறதான்னு இன்னும் முடிவு பண்ணலையாம். நான் கேட்டுக்கிட்டே இருந்தேன்.

இதைப் படிச்சு முடிச்சதும் உங்க வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து கொஞ்சம் மேலே ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்க. இந்த வருஷம் எத்தனை 'ஆர்.ஐ.பி' போட்டிருக்கீங்க? அதுல ஒருத்தரோட பேரை மட்டும் ஒரு தாளில் எழுதி வைங்க. அழிரப்பர் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும்.